முழங்கையின் ஞாபகம்

சொரியாசிஸ் உள்ளவர்கள் தோல் மருத்துவரிடம் சொல்லும் குறைகளில் ஒன்று தவறாமல் இடம்பெறும். "மருந்து போட்டதும் போயிடுச்சு டாக்டர், ஆறு மாசம் ஒண்ணுமே இல்ல. இப்பத் திரும்ப வந்திருக்கு, அதே இடத்துல." பழைய புகைப்படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும். அதே முழங்கை, அதே பக்கம், பல நேரம் திட்டின் எல்லைக்கோடுகூட ஏறக்குறைய அப்படியே.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நம் மேல்தோலின் செல் அடியில் பிறந்து, மெல்ல மேலே நகர்ந்து, இறந்து உதிர்வதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகிறது. ஆறு மாதம் சுத்தமாக இருந்த முழங்கையில், நோய் கண்ட அந்தப் பழைய தோலின் செதில் ஒன்றுகூட மிச்சமிருக்க வாய்ப்பில்லை. குளிக்கும்போதும் துண்டால் துவட்டும்போதும் எல்லாம் உதிர்ந்து போய்விட்டது. அப்படியானால் இடத்தை ஞாபகம் வைத்திருந்தது யார்?

இதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்து இருபது ஆண்டுதான் ஆகிறது. விடையைவிட, அது கிடைத்த வழி எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. முக்கியமான துப்புகளில் பல, வேறு ஏதோ நோய்க்கு மருந்து சாப்பிட்டவர்களின் தோலில் தற்செயலாகத் தென்பட்டவை.

முதலில் நோயைக் கிட்டே போய்ப் பார்ப்போம். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். தடித்த திட்டு, அதன்மேல் வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்காகச் செதில். புத்தகங்களில் 'சிவந்த திட்டு' என்று போட்டிருக்கும்; அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் கறுத்த தோலில் அது ஊதா கலந்த பழுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ தெரியும். இதனாலேயே படர்தாமரை என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவியவர்கள் உண்டு. தலையில் வந்தால் பொடுகு என்று விட்டுவிடுவார்கள். நகத்தில் வந்தால் குட்டிக் குட்டிக் குழிகள் விழும்.

செதிலை மெல்லச் சுரண்டினால் பொடியாக உதிரும். தொடர்ந்து சுரண்டினால் அடியில் ஒரு மெல்லிய சவ்வு. அதையும் எடுத்துவிட்டால் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் அங்கங்கே துளிர்க்கும். இந்தப் புள்ளிகளிலேயே நோயின் பாதிக் கதை இருக்கிறது. உள்தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நீண்டு, வீங்கி, முறுக்கிக்கொண்டு மேற்பரப்புக்கு மிக அருகே வந்துவிட்டன. அவற்றின் தலைக்குமேல் இருக்கவேண்டிய தோல் மெலிந்துவிட்டது. தோல் செல்கள் வெறிகொண்டு பெருகுவது மட்டும் நோய் என்றால் ரத்தக்குழாய்கள் ஏன் இப்படி ஆகவேண்டும்? இந்தக் கேள்வியை நெடுங்காலம் பெரும்பாலோர் அழுத்திக் கேட்கவில்லை.

இந்த நோய் ஒட்டுவதில்லை. தொட்டாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் வராது. தொழுநோயோடு சேர்த்து ஒரே பெயரில் வழங்கிவந்த இதை 1841-இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா தனியே பிரித்தார். ஆனாலும் முடிவெட்டும் கடையில் நாற்காலி மறுக்கப்படுவது இன்றும் நடக்கிறது. 2014-இல் உலக சுகாதார சபை சொரியாசிஸ் குறித்துத் தனித் தீர்மானம் போட்டபோது, நோயோடு அதைச் சுற்றியுள்ள ஒதுக்கலையும் குறிப்பிடவேண்டி இருந்தது.

இனி, யார்மேல் முதலில் சந்தேகம் விழுந்தது என்று பார்ப்போம்.

1960-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நேர்த்தியான சோதனையைச் செய்தார்கள். செல் பிரியவேண்டுமானால் டிஎன்ஏவைப் புதிதாக நகலெடுக்கவேண்டும். அதற்குத் தைமிடின் என்ற மூலப்பொருள் தேவை. லேசான கதிரியக்கம் கொண்ட தைமிடினைத் தோலுக்குள் செலுத்தினால், அந்த நேரத்தில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை அந்த இடத்திலிருந்து கடுகளவு தோலை வெட்டி எடுத்து, மெல்லிய சீவலாக்கி, புகைப்படப் பூச்சின்மேல் இருட்டில் வைத்துவிடவேண்டும். குறியிடப்பட்ட செல் இருக்கும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் விழும். முதல் நாள் அடியில் இருந்த புள்ளிகள் எத்தனையாவது நாளில் மேலே வந்து சேர்கின்றன என்று எண்ணினால் பயண நேரம் கிடைத்துவிடும்.

சாதாரணத் தோலில் வாரக்கணக்கு. சொரியாசிஸ் திட்டில் நான்கைந்து நாள். அவ்வளவு அவசரத்தில் மேலே வருகிற செல்களுக்கு முதிர நேரமில்லை. ஒழுங்காக முதிர்ந்த செல் தன் உட்கருவைத் தொலைத்துவிட்டுத் தட்டையாகி ஒவ்வொன்றாக உதிரும். இவை உட்கருவோடு, ஒன்றோடொன்று ஒட்டியபடி மேலே குவிகின்றன. வெள்ளிச் செதில் என்று நாம் பார்ப்பது அந்தக் குவியல்தான்.

இதைக் கண்டபின் யாராக இருந்தாலும் அடுத்த முடிவுக்குத்தான் வருவார்கள். மேல்தோலின் கெரட்டின் செல்களுக்குள் ஏதோ கட்டுப்பாடு உடைந்திருக்கிறது, சொரியாசிஸ் தோல் செல்லின் நோய், மருந்து கொடுப்பதென்றால் செல் பிரிவதைத் தடுக்கவேண்டும். இந்த எண்ணத்துக்கு ஆதரவாக ஒரு மருந்தும் கையில் இருந்தது.

அந்த மருந்தின் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ், கதர் உடுத்தியதில் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்து, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் கீழ்நிலைச் சான்றிதழோடு வெளியே வந்தவர். 1923-இல் அமெரிக்கா போனார். பின்னாளில் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். ஃபோலிக் அமிலத்தின் வேலையைக் கெடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய பொருள்கள் அவருடைய குழுவின் உழைப்பில் உருவானவை. அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து, முதல்முறையாக அந்த நோயைக் கொஞ்ச காலமாவது பின்வாங்க வைத்தார். சுப்பாராவ் 1948-இல் இறந்துபோனார். அதனால் 1951-இல் வெளியான ஒரு கட்டுரையை அவர் பார்க்கவில்லை. ரிச்சர்ட் கப்னரும் சக மருத்துவர்களும் மூட்டுவாதக்காரர்களுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தார்கள். சொரியாசிஸும் இருந்தவர்களுக்குத் தோல் தெளிந்துவிட்டது. மூட்டுக்குக் கொடுத்தது தோலுக்குக் கேட்டது.

அமினோப்டெரினுக்குப் பதில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றுவரை நம் அரசு மருத்துவமனைகளில் கடும் சொரியாசிஸுக்கு முதலில் தரும் மருந்துகளில் ஒன்று. இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட்டே மேலே போகவேண்டும்: இது வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரை. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

மெத்தோட்ரெக்சேட் பிரியும் செல்களைத் தடுக்கிறது, சொரியாசிஸில் தோல் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, ஆக மருந்து வேலை செய்கிறது. கணக்கு அழகாகப் பொருந்திவிட்டதால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. மருந்து சரி, காரணம்தான் பிசகு என்பது பிற்பாடு தெரிந்தது. சொரியாசிஸுக்குத் தரும் சிறிய அளவு மருந்தை ஆய்வுத்தட்டில் வைத்துப் பார்த்தபோது, கெரட்டின் செல்களைவிட நோய் எதிர்ப்புச் செல்களான லிம்போசைட்டுகள்தான் அதற்குப் பல மடங்கு எளிதில் பணிந்தன.

முதல் அதிர்ச்சி 1979-இல் வந்தது. சிக்ளோஸ்போரின் என்பது நார்வேயின் பீடபூமி ஒன்றில் எடுத்த மண்ணில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து கிடைத்த பொருள். டி செல் என்ற வெள்ளையணு வகையை அது அடக்குகிறது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்க அதைப் பயன்படுத்தினார்கள். சுவிட்சர்லாந்தில் அதை மூட்டுவாதத்துக்குச் சோதித்த வுல்ஃப்காங் முல்லரும் ஹெர்மானும், சொரியாசிஸும் சேர்ந்திருந்த நோயாளிகளின் தோல் விரைவாகத் தெளிவதைக் கண்டு மருத்துவ இதழுக்குச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதினார்கள். மறுபடியும் மூட்டு, மறுபடியும் தோல்.

டி செல்லை அடக்கும் மருந்து தோல் நோயைப் போக்குகிறதென்றால் நோய் டி செல்லில் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாமா? சொல்ல முடியவில்லை. எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது: ஆய்வுத்தட்டில் சிக்ளோஸ்போரின் கெரட்டின் செல்களின் பெருக்கத்தையும் நேரடியாகக் குறைக்கிறது, எது எதைச் செய்தது என்று எப்படிப் பிரிப்பது? தோல் திட்டில் டி செல்கள் கூட்டமாக இருப்பதை நுண்ணோக்கியில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் கூட்டத்தில் இருப்பதாலேயே குற்றவாளி ஆகிவிடுமா, வேடிக்கை பார்க்க வந்ததாகவும் இருக்கலாமே. இந்த வழக்குப் பத்துப் பதினைந்து வருடம் நீண்டது.

சாட்சி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட சிலருக்கு, கூடவே இருந்த பல வருடச் சொரியாசிஸ் மறைந்துபோனதாக 1990-களில் மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்தன. அதற்கு எதிர்மாறாகவும் நடந்தது: சொரியாசிஸ் உள்ளவரிடம் மஜ்ஜை பெற்றவருக்கு, அதுவரை இல்லாத சொரியாசிஸ் வந்தது. மஜ்ஜையோடு போவது ரத்தமும் எதிர்ப்புச் செல்களும்தான், தோல் அவரவருடையதே. அப்படியும் நோய் போகிறது, வருகிறது. ஒன்றிரண்டு பேரின் கதையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் இந்தக் கதைகளைத் தோல் செல் கட்சியால் விளக்க முடியவில்லை.

தீர்ப்புக்கு மிக அருகில் கொண்டுபோனது 1995-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் காட்லீப், ஜேம்ஸ் குரூகர் குழு செய்த சோதனை. முந்தைய மருந்துகள் எல்லாவற்றிலும் இருந்த ஓட்டை, அவை இரண்டு வகைச் செல்களையும் தொடக்கூடும் என்பது. தோல் செல்லைத் தொடவே முடியாத மருந்து வேண்டும். கிளர்ச்சியுற்ற டி செல்லின் மேற்பரப்பில் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி முளைத்திருக்கும்; கெரட்டின் செல்லில் அது கிடையாது. ஆகவே இன்டர்லூகின்-2-இன் வாலில் டிப்தீரியா நச்சின் ஒரு துண்டை ஒட்டவைத்த புரதத்தைக் கொடுத்தார்கள். டி செல் அதை உணவென்று விழுங்கிச் செத்துப்போகும். தோல் செல்லுக்கு அப்படி ஒன்று வந்துபோனதே தெரியாது. பத்து நோயாளிகளில் நான்கு பேருக்குத் தோல் வெகுவாகத் தெளிந்தது, இன்னும் நான்கு பேருக்கு ஓரளவு தெளிந்தது. பத்துப் பேர்தான் என்றாலும், ஆயிரம் பேரிடம் செய்த எத்தனையோ சோதனைகளைவிட இது எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. கேள்வியை ஒரே ஒரு விடை மட்டும் வரும்படி வடிவமைத்திருந்தார்கள்.

இதன்பின் படம் தலைகீழானது. கெரட்டின் செல் பெருகுவது விளைவு. அதற்கு உத்தரவு போவது எதிர்ப்பு மண்டலத்திலிருந்து. உத்தரவு என்பது செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திப் புரதங்கள், சைட்டோகைன்கள். எந்தச் செய்தி என்று கண்டுபிடித்தால் அதை மட்டும் வழிமறிக்கலாம்.

இந்த இடத்திலும் ஒரு வேடிக்கை. இன்டர்லூகின்-12 தான் அந்தச் செய்தி என்று 1990-களில் உறுதியாக நம்பினார்கள். அதை மறிக்க ஒரு எதிர்ப்பானையும் உருவாக்கினார்கள். உஸ்டெகினுமாப் என்று 2009-இல் சந்தைக்கு வந்தது அதுவே. மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி, நல்ல பலன். ஆனால் இன்டர்லூகின்-12 இரண்டு துண்டுகள் சேர்ந்த புரதம். 2000-இல் கலிபோர்னியாவின் டிஎன்ஏஎக்ஸ் ஆய்வகம் இன்னொரு புரதத்தைக் கண்டது. அதில் ஒரு துண்டு புதிது, மற்றது இன்டர்லூகின்-12-இல் உள்ள அதே துண்டு. புதியதற்கு இன்டர்லூகின்-23 என்று பெயர் வைத்தார்கள். உஸ்டெகினுமாப் ஒட்டிக்கொள்வது இந்தப் பொதுத்துண்டில். அதாவது அதுவரை யாரும் அறியாத ஒரு புரதத்தையும் அது சேர்த்தே மறித்துக்கொண்டிருந்தது. சொரியாசிஸ் திட்டிலிருந்து எடுத்த தோலை 2004-இல் சோதித்தபோது பொதுத்துண்டும் இன்டர்லூகின்-23-இன் தனித்துண்டும் எகிறியிருந்தன; இன்டர்லூகின்-12-இன் தனித்துண்டு எகிறவில்லை. தவறான ஆளைத் தேடிப் போட்ட வலையில் சரியான ஆள் மாட்டியிருக்கிறான்.

இன்று வரையப்படும் சங்கிலி இது: தோலிலுள்ள கிளைச்செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-23-ஐ விடுக்கின்றன. அது ஒருவகை டி செல்லை ஊட்டி வளர்க்கிறது. அந்த டி செல் இன்டர்லூகின்-17-ஐயும் 22-ஐயும் சுரக்கிறது. அவை கெரட்டின் செல்லைப் பெருகவைக்கின்றன. கெரட்டின் செல்லோ சும்மா இராமல் மேலும் டி செல்களையும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களையும் கூவி அழைக்கும் புரதங்களை வெளியிடுகிறது. சுற்று முடிந்து மறுபடி தொடங்குகிறது. ரத்தக்குழாய்கள் வீங்குவதும் இந்த ஆரவாரத்தில்தான். இதற்குத்தான் அழற்சி என்று பெயர்.

இன்டர்லூகின்-17-ஐ மறிக்கும் செகுகினுமாப் 2015-இலும், இன்டர்லூகின்-23-இன் தனித்துண்டை மட்டும் மறிக்கும் குசெல்குமாப் 2017-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. குசெல்குமாப் போட்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு நான்கு மாதத்தில் நோய் தொண்ணூறு சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. இன்டர்லூகின்-17 நம் உடலில் சும்மா இருக்கும் பொருள் அல்ல என்பதற்குச் சான்றும் இந்த மருந்துகளிலேயே உண்டு: அதை மறித்தவர்களில் சிலருக்கு வாயில் வெண்படலமாகக் கேண்டிடா பூஞ்சை வருகிறது. பூஞ்சையை விரட்டுவது அந்தப் புரதத்தின் நியாயமான வேலை. அதைப்போல டிஎன்எஃப் என்ற இன்னொரு செய்திப் புரதத்தை மறிக்கும் ஊசிகளைப் போட்டால், உடலுக்குள் அடங்கிக்கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம் என்று 2001-இல் தெரிந்தது. நம் நாட்டில் இது பெரிய சங்கதி. ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்-ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பது இதற்காகவே.

இவ்வளவும் சொன்னபின்னும் முழங்கைப் புதிர் அப்படியே நிற்கிறது. டி செல்கள் ரத்தத்தில் உடல் முழுக்கச் சுற்றுபவை என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. சுற்றித் திரிகிறவை ஒவ்வொரு முறையும் ஏன் இடது முழங்கையில் இறங்கவேண்டும்?

2004-இல் சூரிக்கில் ஓனூர் பாய்மனும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை இங்கே வருகிறது. சொந்த டி செல்லே இல்லாத, எதிர்ப்பு ஆற்றல் குன்றிய எலிகளை எடுத்துக்கொண்டார்கள். சொரியாசிஸ் நோயாளியின் உடலில் நோய் இல்லாத, பார்வைக்கு முற்றிலும் நல்ல தோலிலிருந்து ஒரு துண்டை வெட்டி எலியின் முதுகில் ஒட்டுப்போட்டார்கள். வேறெதுவும் செய்யவில்லை, செல் எதையும் செலுத்தவில்லை. சில வாரத்தில் அந்தத் துண்டு தானாகவே தடித்துச் செதில் விட்டுச் சொரியாசிஸ் ஆனது. ஆரோக்கியமானவர் தோலை ஒட்டினால் ஆகவில்லை. டி செல்லை முடக்கும் மருந்தை எலிக்குக் கொடுத்தால் நோயாளியின் தோலிலும் ஆகவில்லை. எலியிடம் டி செல் கிடையாது, நோயாளியின் ரத்தமும் அங்கே ஓடவில்லை. அப்படியானால் நோயை உண்டாக்கிய டி செல்கள் அந்தத் தோல் துண்டுக்குள்ளேயே குடியிருந்தவை.

இரண்டு ஆண்டு கழித்து பாஸ்டனில் ரேச்சல் கிளார்க் குழு, சாதாரண மனிதத் தோலில் இருக்கும் டி செல்களைக் கணக்கிட்டது. சுமார் 2,000 கோடி. ரத்தத்தில் சுற்றுபவற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2009-இல் மெல்போர்னில் உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை எலித்தோலில் தொற்றவைத்தவர்கள், தொற்று ஆறியபின்பும் அதே இடத்தில் டி செல்கள் தங்கிவிடுவதையும், ரத்தத்துக்குத் திரும்பிப் போகாததையும் கண்டார்கள். வைரஸ் மறுபடி அங்கே வந்தால் உடனே பிடிக்கத் தயாராக இருந்தன. இவற்றுக்கு 'உள்ளூர் நினைவுச் செல்கள்' என்று பெயர் வைக்கலாம். கிருமி வந்த இடத்தில் காவல் இருப்பது இவற்றின் பணி. சொரியாசிஸில் அதே ஏற்பாடு நோயைக் காக்கிறது.

வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மேலே தெரியும் தாளைக் கொத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் வயல் சுத்தமாகிவிட்டதென்று தோன்றும். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். ஒரு தண்ணீர் பாய்ந்தால் அதே இடத்தில் தலை நீட்டும். களிம்பும், வெயிலும், ஊசியும் போட்டு நாம் எடுத்தது தாளை.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2014-இல் இதை நோயாளிகளிடமே பார்த்தார்கள். மருந்தால் முழுக்கத் தெளிந்து, கண்ணுக்கு எதுவும் தெரியாத பழைய திட்டின் இடத்திலிருந்து தோலை எடுத்துச் சோதித்தபோது, மேல்தோலுக்குள் டி செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தூண்டியதும் இன்டர்லூகின்-17, 22 என்று பழைய பாட்டையே சுரந்தன. ஆறு ஆண்டுவரை டிஎன்எஃப் ஊசி போட்டவர்களிடமும் இவை இருந்தன. ஆறு ஆண்டில் அந்த மேல்தோல் எத்தனை முறை உதிர்ந்து முளைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கெரட்டின் செல்கள் மாறிக்கொண்டே இருந்தன, நடுவே இவை மட்டும் இடம் பெயரவில்லை.

இதே சூத்திரம் வேறொரு தொல்லையிலும் உண்டு. சிலருக்குக் குறிப்பிட்ட மாத்திரையைப் போட்ட சில மணி நேரத்தில் உதட்டிலோ கையிலோ ஒரு வட்டத் தடிப்பு வந்து கறுத்துப்போகும். கோட்ரிமாக்சசோல் போன்ற சல்ஃபா மாத்திரைகளில் இது அடிக்கடி. ஒரு வருடம் கழித்து அதே மாத்திரையைப் போட்டால் அச்சு மாறாமல் அதே வட்டம் மறுபடி எரியும். அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல்தோலில் நினைவு டி செல்கள் மாத்திரைக்காகக் காத்திருப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

புதிய இடத்தில் நோய் வருவதும் விளங்குகிறது. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் 1870-களில், சொரியாசிஸ் உள்ளவருக்குக் காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு முளைப்பதை எழுதிவைத்தார். குதிரை கடித்த இடமும் பச்சை குத்திய இடமும் அவர் தந்த உதாரணங்களில் உண்டு. பாவாடை நாடா இறுகும் இடுப்பிலும், சிராய்த்துப்போன முழங்காலிலும் நம்மூர் மருத்துவர்கள் அதையே பார்க்கிறார்கள். பாய்மன் சோதனை சொல்வதுபோல் நல்ல தோலிலும் ஓரளவு ஆட்கள் இருக்கிறார்கள் என்றால், காயம் அவர்களை எழுப்பிவிடுகிறது.

சரி, இந்தச் செல்கள் எதை எதிரி என்று நினைக்கின்றன? இங்கேதான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமனதான பதில் இல்லை. தன்னுடல் தாக்கு நோய் என்று ஒன்றை அழைக்க, உடலின் எந்தப் பொருள் தாக்கப்படுகிறது என்று காட்டவேண்டும். தோலில் கொப்புளமிடும் பெம்ஃபிகஸ் அந்தத் தேர்வில் எளிதாகத் தேறியது. தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தை எதிர்ப்பான்கள் தாக்குகின்றன. நோயாளியின் அந்த எதிர்ப்பான்களைப் பிரித்துப் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிக்குச் செலுத்தினால் அதற்கும் கொப்புளம் வரும் என்று 1982-இலேயே காட்டிவிட்டார்கள். சொரியாசிஸில் அப்படி ஒரே இலக்கு இல்லை. எச்எல்ஏ-சி 06:02 என்ற மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். டி செல்களிடம் புரதத் துணுக்குகளைக் காட்டுவது அந்த மரபணுவின் வேலை, ஆக ஏதோ ஒரு துணுக்கு இருக்கவேண்டும். தோல் தானே சுரக்கும் கிருமிக்கொல்லியான எல்எல்-37-ஐப் பல நோயாளிகளின் டி செல்கள் தாக்குவது 2014-இல் தெரிந்தது. அடுத்த ஆண்டு மியூனிக்கில், தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்லில் உள்ள ஒரு புரதம் இலக்காக இருப்பதைக் கண்டார்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்த சில வாரத்தில் இளம் வயதினருக்கு உடம்பெங்கும் துளித்துளியாகச் சொரியாசிஸ் வருவது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. கிருமியின் புரதத்தோடு நம் புரதத்துக்கு இருக்கும் ஜாடை டி செல்லைக் குழப்புகிறது என்பது ஒரு கருத்து. நபருக்கு நபர் இலக்கு மாறலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு வராமல் போவது உண்டு என்பதால் மரபணு மட்டும் போதாது என்பது நிச்சயம்.

வெயிலில் நோய் குறைவது பாட்டிமார் காலத்திலேயே தெரிந்ததுதான். குளியல் பொடியில் சேர்க்கும் கார்போக அரிசியில் சொராலென் என்ற பொருள் இருக்கிறது. அதன் உறவுப்பொருள் ஒன்றைக் கொடுத்துப் புறஊதா ஒளியில் நிறுத்தும் சிகிச்சையை 1974-இல் ஹார்வர்டில் முறைப்படுத்தினார்கள். இன்று மருந்தில்லாமல் 311 நானோமீட்டர் அலைநீள ஒளியை மட்டும் பாய்ச்சுகிறார்கள். இதுவும் தோல் செல்லை அடக்கித்தான் வேலை செய்கிறது என்றே முதலில் நினைத்தார்கள். 1999-இல் பார்த்தபோது, ஒளி பட்ட திட்டில் டி செல்கள் செத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பழைய வைத்தியத்தையும் தோண்டினால் அடியில் டி செல் வருகிறது. அதற்காக வீட்டில் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கவேண்டாம், தோல் வெந்துவிடும். அதைவிடக் கெட்டது, கடையில் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டுத் திடீரென நிறுத்துவது. உடல் முழுக்கச் சீழ்க்கொப்புளமாக வெடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிடலாம்.

கிழங்கையே எடுக்க முடியுமா என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. இன்டர்லூகின்-23 இந்தச் செல்களை ஊட்டி வளர்ப்பது. 17 அவை விளைவிப்பது. ஊட்டத்தை நிறுத்தினால் செல்களே குறையவேண்டும். குசெல்குமாபையும் செகுகினுமாபையும் நேருக்கு நேர் வைத்த ஆய்வில் எடுத்த தோல் துணுக்குகளில், குசெல்குமாப் போட்டவர்களிடம் உள்ளூர் நினைவுச் செல்கள் குறைந்திருந்தன. செகுகினுமாப் போட்டவர்களிடம் அவ்வாறு குறையவில்லை. ஓர் ஆண்டு முடிவில் தோல் தெளிந்தவர்களும் முதல் குழுவில் அதிகம்.

ஜெர்மனியிலும் பிரான்சிலும் நடந்த 'கைட்' என்ற ஆய்வு இன்னும் ஒரு படி போனது. நோய் வந்து இரண்டு ஆண்டுக்குள் குசெல்குமாப் போடத் தொடங்கியவர்களில், முழுக்கத் தெளிந்து அப்படியே நிலைத்தவர்களின் விகிதம், பல காலம் நோயோடு இருந்தவர்களைவிடக் கூடுதல். அப்படி நன்றாகத் தெளிந்தவர்களுக்கு ஊசியின் இடைவெளியை எட்டு வாரத்திலிருந்து பதினாறாக நீட்டியபோதும் பலன் குன்றவில்லை. நினைவுச் செல்கள் ஆழமாக வேரூன்றும் முன்பே அடித்தால் நல்லது என்று ஆய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நோய் வந்து இரண்டு ஆண்டே ஆனவருக்கு இயல்பாகவே அது லேசாக இருந்திருக்கலாம். யார் புதியவர், யார் பழையவர் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க முடியாது. புதிதாக நோய் கண்டவர்களையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனேயும் மறுபாதிக்குச் சில ஆண்டு கழித்தும் கொடுத்துப் பார்ப்பது சுத்தமான வழி. ஆனால் யாரைக் காத்திருக்கச் சொல்வது?

நம்மூரில் இப்போது நடப்பது நேர் எதிர். களிம்பில் தொடங்கி, ஒளி, மெத்தோட்ரெக்சேட் என்று ஏறி, எதுவும் கேட்காமல் பல ஆண்டு கழிந்தபின்புதான் இந்த ஊசிகளின் பேச்சு வரும். அதற்கு விலை முதல் காரணம். பெங்களூரின் பயோகான் 2013-இல் இட்டோலிசுமாப் என்ற எதிர்ப்பானை இங்கேயே கொண்டுவந்தது. டிஎன்எஃப் ஊசியின் இந்திய ஒப்புமருந்துகளும் வந்து விலை இறங்கியிருக்கிறது. நினைவுச் செல்லைக் குறைப்பதாகக் காட்டியிருக்கும் இன்டர்லூகின்-23 ஊசி இன்னும் பெரும்பாலோர் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. சீக்கிரம் கொடுத்தால் குறைந்த ஊசியில் முடியும் என்பது உறுதிப்பட்டால் மொத்தச் செலவுக் கணக்கே வேறாக இருக்கும். அந்தக் கணக்கை நம் நோயாளிகளை வைத்து யாராவது போட்டுப் பார்க்கவேண்டும்.